மீனுக்கு ஆகாத தண்ணீர்

மேலதிகாரியின் அறைக்கு மீன்தொட்டி வந்தபிறகு, மற்ற அதிகாரிகள் வீட்டில் அது இல்லாதிருப்பது பணிவின்மையாகக் கருதப்பட்டது. குடிநீர்த் தரச்சான்று அதிகாரியும் ஒன்று வாங்கினார். மற்ற மீன்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட, மிஞ்சியது ஒரு தங்கமீன். அதன்மேல் அவர் உயிரையே வைத்திருந்தார்.

அன்று காலை அது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதிகாரி பதறிப்போய்த் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, மீன்கடைக்காரர் கொடுத்த சோதனை மருந்தைச் சொட்டுவிட்டார். மஞ்சளானால் நல்ல தண்ணீர், பச்சையானால் அமோனியா. பச்சைப்பசேல் என்று ஆனது. பாதியை இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி மறுபடி சோதித்தார். பச்சை இன்னும் கறுத்தது.

"குழாய்த் தண்ணியையே சோதிச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

"அதெப்படி? அது நல்ல தண்ணின்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சோதிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"கையெழுத்துதான் என் வேலை. சோதனை வேற பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கல."

மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதற்குமேல் கௌரவம் பார்க்க முடியவில்லை. குழாய்த் தண்ணீரையும் சோதித்தார். கரும்பச்சை. மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"ஐயா, குழாய்த் தண்ணில அமோனியா. மீன் சாகக் கிடக்குது."

"மனுஷங்க யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப தண்ணில குறையில்ல, மீன்லதான் குறை." சொன்ன வேகத்திலேயே அவரும் பதறினார். "என் தொட்டியிலும் அதே தண்ணிதான்யா. உடனே அறிவிப்பு விடுங்க."

மதியத்துக்குள் தெருவெங்கும் ஒட்டிவிட்டார்கள்: 'குழாய் நீர் மனிதப் பயன்பாட்டிற்கு மட்டுமே உரியது. மீன்களின் நலன் கருதி, அவற்றுக்கு இந்நீரைத் தவிர்க்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

அதிகாரி கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார். சாயங்காலம் மீன் நிமிர்ந்து நீந்தியது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது வாசலில் ஒரு கூட்டம். தெருவே சண்டைக்கு வந்துவிட்டதென்று நினைத்தார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கும்பிட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்க சார். மீனுக்கு எந்தக் கடையில தண்ணி வாங்குனீங்க?"

அதிகாரி கடையைச் சொன்னார். வந்தவர்களை வெறுமனே அனுப்பலாமா என்று மனைவி ஒரு குடம் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். கடைசியில் நின்ற தபால்காரர் மட்டும் டம்ளரைப் பிடித்தபடி தயங்கினார்.

"சார், இந்தத் தண்ணி..."

"உங்க வீட்ல மீன் இருக்கா?" என்று கேட்டார் தையல்காரர்.

"இல்லையே."

"அப்புறம் உங்களுக்கென்ன கவலை? குடிங்க."

அவரும் குடித்தார்.