மேல் கோட்டில் உங்கள் கையெழுத்து

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் சின்ன மகளும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவள் நலம். இந்த உடம்பு இன்னும் என்னுடையதுதானா என்று தெரியாதபோது நான் நலம் என்று எப்படி எழுதுவது?

முந்தாநாள் விரைவுத் தபாலில் ஒரு தாள் அனுப்பியிருந்தேன். 'படித்துக்கொண்டிருக்க வேண்டாம், மேல் கோட்டில் கையெழுத்துப் போட்டு, உள்ளே இருக்கும் கவரில் வைத்து உடனே அனுப்புங்கள்' என்று துண்டுச்சீட்டும் வைத்திருந்தேன். காரணம் எழுதவில்லை. போனில் சொன்னால் அக்கா காதில் விழும், அக்கா காதில் விழுந்தால் ஊர் காதில் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்னவளை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்த்துவிட வந்தேன் அல்லவா, காலேஜுக்கு அண்ணன் மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்து வந்தது என் தப்பு. இந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பஸ் ஓடுகிறது, மூன்று வழித்தடம். தபால் நிலையம், தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி, மாட்டுப்பண்ணை எல்லாம் உண்டு. புதிதாக வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். பின்பக்கமாகவே நடந்துகொண்டு எங்களைப் பார்த்துப் பேசினாள், ஒரு படியிலும் தடுக்கவில்லை. நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்களாம், நூற்றுப் பத்துத் துறையாம், பதினொரு நூலகமாம். இங்கே எதையும் சும்மா விடுவதில்லை அத்தான். மண்ணை ஆராய்கிறார்கள், கொசுவை ஆராய்கிறார்கள், வரிசையில் நிற்கிறவன் எத்தனை நிமிஷத்தில் கோபப்படுவான் என்று ஆராய ஒரு தனிக் கட்டடம்.

சுற்றிப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் வரவேற்பு மண்டபத்தில் வரிசையாக மேஜை போட்டு, மேஜைக்கு ஒரு படிவம் வைத்திருந்தார்கள். ஒரு பெண் சிரித்த முகமாக, "பெத்தவங்களுக்கு இலவசம் சார், ஒரு கையெழுத்துதான்" என்றாள். இலவசம் என்றதும் போட்டுவிட்டேன். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் 'படிச்சுப் பார்த்துப் போடுங்க' என்று ஊருக்கே உபதேசம் செய்தவன், மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உயரம், எடை, ரத்த வகை, இதய நோய் உண்டா, ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவளே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து சாம்பல் நிறக் கட்டடம் ஒன்றின் முன்னால் அந்த மாணவி நின்றாள். "இதுதான் உடற்கூறு துறை. இங்க மாணவர்கள் அறுத்துப் படிக்கிற உடம்பெல்லாம் பொதுமக்கள் கொடுத்ததுதான். உயிரோட இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க" என்றாள்.

மண்டபத்தில் நான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. உயரம், எடை, ரத்த வகை. செத்த பிறகு என்ன தெரியப்போகிறது என்பீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். என் இடது காலில் ஆறு விரல் என்பது உங்களுக்குத் தெரியும், உங்களையும் கட்டிக்கொண்டவளையும் தவிர யாருக்கும் காட்டியதில்லை. அதைச் சுற்றி நாற்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். சின்னவளுக்கு அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி. மேலே மகள் படித்துக்கொண்டிருக்க, கீழே அப்பன் படுத்திருக்கவா?

கூட்டத்திலிருந்து நழுவி அந்தத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால் விரலை ஷூவுக்குள்ளேயே மடக்கிக்கொண்டேன். "உடம்பு விஷயமா..." என்றேன். மீதியைச் சொல்வதற்குள், "புரியுது, நிறையப் பேர் தயங்கித்தான் வருவாங்க" என்று ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "ரெண்டு கையெழுத்து. ஒண்ணு நெருங்கின சொந்தக்காரர் போடணும். இந்தக் கவர்ல வச்சு சீக்கிரம் எங்களுக்கு அனுப்பிடுங்க" என்றார். ரத்து செய்ய இவ்வளவு சுலபமா என்று கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

சின்னவளிடம் கேட்க வெட்கம், அவளுக்கு அடுத்து எனக்கு நெருங்கின சொந்தம் உங்களைவிட்டால் யார்? உங்கள் பெயர், விலாசம், வயது எல்லாம் நானே நிரப்பினேன். வயதில் மூத்தவர் நீங்கள் இருக்க, நான் மேல் கோட்டில் போடுவது முறையில்லை என்று கீழ்க்கோட்டில் போட்டு அனுப்பினேன். ஆகவே தயவுசெய்து தாமதிக்க வேண்டாம். என் உயிர், தப்பு, என் உடம்பு உங்கள் கையில்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சின்னவள் வந்தாள். என் பெயர் போட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்தாள். மண்டபத்தில் நான் கையெழுத்துப் போட்டது உடற்பயிற்சிக் கூடத்துக்கு விருந்தினர் அட்டை வாங்கவாம், ஒரு வாரம் இலவசமாக ஓடலாமாம். சிரித்துவிட்டு, உங்களுக்கு அனுப்பிய தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நான் எடுத்து வைத்திருந்த நகலை வாங்கிப் படித்தாள். "அப்பா, இது ரத்து பண்றதுக்கு இல்ல. குடுக்கறதுக்கு" என்றாள். மேல் கோடு உடம்பைக் கொடுப்பவருக்காம். கீழ்க்கோடு, நான் தடுக்க மாட்டேன் என்று உறுதி சொல்லும் சொந்தக்காரருக்காம். உடனே போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். "உங்க அத்தான் இப்பத்தான் ஏதோ கவரைப் போடத் தபாலாபீசுக்குப் போனாரு. என்னடா விஷயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அக்காவிடம் நானே சொல்கிறேன். அதுவரை உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.