நாத்தனார் முடிச்சும் என் சவுரியும்

எனக்கு மேடை பயமே கிடையாது என்று பேட்டிகளில் அளந்துவிடுவேன். பொய். கல்யாண மேடையைக் கண்டால் இன்றைக்கும் பயம்தான்.

நான் திருநங்கை. மைக் பிடித்து ஊரைச் சிரிக்க வைப்பது தொழில். சொந்த ஊர் கடலூர். உறவில் யார் கடை திறந்தாலும் என் கை ராசி என்று முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். கல்யாணம் என்றால் மட்டும் என் பத்திரிகை வழியில் எங்கேயோ தொலைந்துபோகும். (பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?)

இந்த லட்சணத்தில் தம்பிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமானது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அக்காதான் போடணும் என்றான் தம்பி. புவனகிரிப் பெரியப்பா கொதித்துப்போனார். முடிச்சை அவர் மகள் போடட்டும், நான் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனது பண்ணினார். அதுவரை என் விஷயத்தில் வாயே திறக்காத அம்மா அன்று திறந்தாள்.

"எம் பொண்ணு மேடை ஏறலன்னா நானும் ஏறமாட்டேன்."

அந்த வார்த்தைக்காகவாவது நான் அடக்கமாக இருந்திருக்கலாம். என் சொந்த முடி தோளைக்கூடத் தொடாது. பெரியப்பா கண்ணுக்குத் துளிகூடப் பையனாகத் தெரியக் கூடாது என்று, இடுப்புக்குக் கீழே தொங்கும் சவுரி வைத்து, நுனியில் குஞ்சம் கட்டி, கடையிலிருந்த ஊசியை எல்லாம் தலையில் குத்திக்கொண்டு போய் நின்றேன்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை கண்ணில் விழுந்தது. போதாததற்கு அழுகை வேறு. கண் தெரியாமல் குனிந்து, கைக்கு அகப்பட்டதை எல்லாம் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். நிமிரப் பார்த்தால் முடியவில்லை. மணப்பெண்ணும் கூடவே பின்னால் சாய்ந்தாள். தாலிக் கயிற்றோடு, தோள் வழியே முன்னால் சரிந்திருந்த என் குஞ்சத்தையும் சேர்த்து முடிந்திருந்தேன்.

முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்றார் ஐயர். கத்தரிக்கோல் மேடைக்கே வரக் கூடாது என்றார் பெண்ணின் தாய்மாமன். மிச்சமிருந்த வழி சவுரியைக் கழற்றுவது. அத்தனை பேர் நடுவில் கழற்றினால் அப்புறம் எனக்கு முகம் ஏது?

"கழட்டிட்டு எறங்கச் சொல்லு அத" என்றார் பெரியப்பா.

தலையைத் திருப்பக்கூட முடியாமல் மணப்பெண் மெதுவாகச் சொன்னாள். "கழட்டாதீங்க அண்ணி. அப்படியே எங்ககூட வாங்க."

என்னை அண்ணி என்று யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. நின்றிருந்த அழுகை மறுபடி ஆரம்பித்தது.

மூன்று பேருமாக அக்கினியை வலம் வந்தோம். அவள் அம்மி மிதித்தபோது நானும் குனிந்தேன். அருந்ததி பார்த்தபோது நானும் அண்ணாந்தேன். மேடை ஏற்றக் கூடாது என்றவர்களால் என்னை இறக்க முடியவில்லை. வாழ்த்த வந்தவர்கள் குழம்பிப்போய் எனக்கும் கை கொடுத்தார்கள். அறைக்குப் போன பிறகுதான் அம்மா குஞ்சத்தை நறுக்கி விடுவித்தாள். ஆல்பத்தில் பாதிப் படத்தில் நான் அசடு வழிகிறேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நாத்தனார் கொண்டை போடாமல் மேடை ஏறக் கூடாது. சோதனை அதிகாரி பெரியப்பாதான். போன மாதம் அவருடைய சின்ன மகன் கல்யாணத்தில், பின்னல் தொங்க வந்த சொந்த மகளையே மேடைப் படியில் மறித்தார்.

"போயி கொண்ட போட்டுகினு வா. இல்லன்னா உங்க அக்கா மாதிரி நீயும் மூணாவது ஆளா சுத்துவ."

கேட்டியா என்பதுபோல், பக்கத்தில் நின்ற அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.