ஆறடிக் குழியும் சராசரி சாரும்

காஞ்சிபுரத்தில் கோயில் இல்லாத தெருவைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். சராசரி சார் மாதிரி இன்னொரு ஆளைப் பிடிக்கவே முடியாது. கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை, மைதானத்தைக் காலால் மிதித்ததில்லை. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் கைலியோடு உட்கார்ந்துகொண்டு, நாடு நாடாகப் போய் ஆடும் ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பந்தை எப்படிக் குழியில் தள்ளுவது என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

வங்கி என்னைத் திருச்சியிலிருந்து தூக்கி இங்கே போட்டபோது, குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து நான் பிடித்த மாடியில் இரண்டே அறைகள். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. கீழே வீட்டுக்காரம்மா கன்னியம்மாவும் இரண்டு தறிகளும். சார் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் மழை அளவைக் கூட்டி வகுத்தே ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பேச்சுக்குப் பேச்சு "சராசரி" என்பார் என்பதால் நிஜப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

அவர் கோல்ஃபுக்குள் நுழைந்தது ஆசைப்பட்டு அல்ல. டி.வி.யில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தபோது, கோல்ஃபில் ரிமோட் பேட்டரி உயிரை விட்டது. எழுந்து போய் வாங்கச் சோம்பல். நான்கு நாள் அதையே பார்த்தார். ஐந்தாம் நாள், ஆடியவர்களில் ஒருவரான சென்னைப் பையனுக்கு, "நீங்கள் தோற்பது நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல" என்று கணக்கோடு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். மறுநாளே போன் வந்தது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தப் பையன் பேசுவார். வாரத்தில் சாருக்கு வரும் ஒரே போன் அதுதான்.

"எத்தனை அடி அடிச்சான்னு எண்ண யாருக்கும் தெரியும் சார்," என்று எனக்கு விளக்கினார். "எங்க நின்னுக்கினு அடிச்சான்? மரத்தடியிலயா, மணல்லயா? அதே எடத்துல நின்னா சராசரி ஆளு எத்தனை அடில முடிப்பான்? அதுக்குக் கொறச்சலா முடிச்சா லாபம், மேல போனா நஷ்டம். அவ்ளோதான் விஷயம்."

அதை அவர் கோல்ஃபோடு விட்டிருந்தால் தேவலை. நான் உப்புமாவைக் கருக்கிய அன்று எட்டிப் பார்த்தார். "அம்பது வயசு வரைக்கும் அடுப்பாண்ட போவாத ஆளு. அந்த எடத்துலருந்து பாத்தா, சராசரி ஆம்பள பாத்திரத்தயே ஓட்ட போட்டிருப்பான். நீங்க கால் அடி லாபம் சார்!" சொல்லிவிட்டுக் கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். சிரித்தேன். ஆனால் பாராட்ட ஒரு நாதியில்லாத ஊரில் அந்தக் கால் அடி எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

புல்தரையின் சாய்வைப் புரிந்துகொள்ள மொட்டை மாடியில் எலுமிச்சம்பழத்தை உருட்டுவார். மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டைதான் குழி. பழம் ஒவ்வொன்றாகக் கீழே தறிக்கூடத்து வாசலில் விழ, கன்னியம்மா மேலே ஏறி வந்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க?"

"புட் பாக்கறம்மா. ஆறடி புட்."

"புட்டாவா? ஆறடிக்கு ஒரு புட்டா வெச்சா புடவ எங்க சார் நெறையும்? யாரு வாங்குவா?"

பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடுவதற்குக் கோல்ஃபில் 'புட்' என்று பெயர். கடைசி வரை அவர் புடவையில் போடும் புட்டா என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

பையனின் சிக்கலும் அந்த ஆறடிதான். தூரத்து அடியெல்லாம் அற்புதம். குழிக்கு ஆறடி தள்ளி நின்று மெல்லத் தட்டிவிட வேண்டிய பந்து மட்டும் தப்பிக்கொண்டே போனது. வருஷத்தில் ஒரே ஒரு போட்டி பாக்கி. அதிலும் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம் ஆட இடம் கிடையாது. சாருக்குச் செவ்வாய்க்கிழமையும் கிடையாது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. காற்று, புல், சாய்வு என்று எல்லாவற்றையும் அலசிவிட்டார். விடை அகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி உலர்த்த வந்த கன்னியம்மா என் அறைக்குள் பாய்ந்தார். "சார், ஓடியா சார்! அவுரு உள்ள தாப்பா போட்டுக்கினு, 'ஆறடி குழிதாம்பா, இன்னிக்கே முடிச்சிடணும், இனிமே தாங்காது'ன்னு சொல்றாரு சார்!"

இருவருமாகக் கதவை இடித்தோம். என் காலால் ஒரு உதை வேறு. கதவு திறந்தது. காதில் ஹெட்போன், கையில் எலுமிச்சம்பழம். செவ்வாய் வரை பொறுக்காமல் பையனுக்கு அவரே போன் போட்டிருந்தார்.

"யாருக்கு சார் ஆறடி குழி?" கன்னியம்மா அழுதேவிட்டார்.

"பந்துக்கும்மா."

சிரித்து முடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா இந்தக் கதவ யாரும் தட்டுனதில்ல சார்," என்றார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்துத் தலைப்பிட்டார்: 'கூட யார்?'

எந்தெந்தப் போட்டிக்கு யாருடன் போனார் என்று பையனிடம் கேட்டு அந்தப் பத்தியை நிரப்பினார். பையனின் அக்காவும் கூடப் போன வாரங்களில் ஆறடிப் பந்து சமர்த்தாகக் குழிக்குள் போயிருந்தது. தனியாகப் போன வாரங்களில் தப்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை போனில் நானும் இருந்தேன். "கோளாறு கையில இல்ல தம்பி. சாம்பிள் சின்னது, அடிச்சி சொல்ல மாட்டேன். ஆனா யாரையாவது கூட்டிக்கினு போங்க," என்றார் சார்.

"அக்காவுக்கு இப்பதான் சார் கொழந்த பொறந்திருக்கு. நீங்க வாங்களேன்."

சார் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஊரை விட்டே போகாதவர், விமானம் ஏறுவதாவது! இரண்டு நாள் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் நானே கதவைத் தட்டினேன்.

"சார், ஒரு கணக்கு. சம்சாரம் போய், தனியா ஒரு ரூமுல மூணு வருஷம். அந்த எடத்துல நிக்கிற சராசரி ஆளு இதுக்குப் போவானா?"

"போவ மாட்டான்."

"அப்ப போனா?"

அவர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார்.

போட்டியின் கடைசி நாள் அவர் போன் செய்தார். "ஆறடி சார். லேசா எடது சாய்வு, நம்ம மாடி மாதிரியே. வேடிக்கை பாக்கறவங்களுக்குக் கட்டுன கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கினு நான் கண்ண மூடிக்கினேன். சத்தம் கேட்டுது சார்! குழிக்குள்ள விழற சத்தம்!"

பையன் அடுத்த வருஷத்துக்கும் இடம் பிடித்தார். சாரை விடவில்லை, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறார். எங்கள் மாடிக்கு அவர் திரும்பவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறார். கன்னியம்மாதான் அறையை வேறு யாருக்கும் விட மனசில்லாமல், "சார் வருவாரு" என்று பூட்டி வைத்திருக்கிறார்.

காலையில் வங்கிக்குக் கிளம்பும்போது அந்தக் கதவைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். பூட்டு தொங்கும் கதவைச் சராசரி ஆள் தட்ட மாட்டான். நான் தினமும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.