மணற்கடிகாரமும் அம்மாவின் கல்வெட்டும்

சிவமயம்

கோப்பாய் தெற்கு,
மாசி 1994.

பேரன்புள்ள அண்ணைக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். அம்மா போன வீட்டிலிருந்து முதற்சொல்லை எழுதக் கை வரவில்லை. ஆகவே, உங்கள் நலமறிய ஆவல்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை நானே கனிசியஸ் மாஸ்டரின் கொம்பியூட்டர் வகுப்பில் அடிக்கிறேன்; அச்சகத்தில் எழுத்துக் கோர்க்க ஆளில்லை. கொள்ளி வைக்கத்தான் உங்களால் வரமுடியவில்லை, நீங்கள் எழுதி அனுப்பிய பாட்டாவது அதில் வரவேண்டும் என்று எங்கள் ஐயா ஒரே பிடி.

வகுப்பில் இரண்டு கொம்பியூட்டர். பழையதில் கறுத்த திரை, பச்சை எழுத்து, தட்டிய உடனே "என்ன வேணும்?" என்று வந்து நிற்கும். புதியதில் நீங்கள் புகழ்ந்து எழுதினீர்களே, யன்னல் யன்னலாகத் திறக்கும் அந்த முறை. எதைத் தட்டினாலும் முதலில் "பொறு" என்று மணற்கடிகாரம்தான் வரும். வெளியே ஜெனரேற்றர் கத்தும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்த மண்ணெண்ணெயை ஐயா போத்தலில் கொண்டுவந்து அதற்கு ஊற்ற, அங்கே வெங்காயம் வாடுகிறது, இங்கே மணல் முடிகிறதில்லை.

"உவன் என்ன, குளிச்சுச் சாப்பிட்டிட்டோ வாறான்?" என்று ஐயா திரையைப் பார்த்துக் கேட்டார்.

"உவனுக்கு ஞாபகம் போதாது ஐயா. அதுக்கொரு சாமான் போடவேணும். கொழும்பிலையிருந்து கொண்டுவர விடமாட்டாங்கள்," என்றார் மாஸ்டர்.

"அப்ப பக்கத்திலை நிக்கிற கெட்டிக்காரனிட்டைக் குடுங்கோவன்!"

"அவனுக்குத் தமிழ் தெரியாது."

நல்ல மாப்பிள்ளைக்குச் சாதகம் பொருந்தாமல் போனதுபோல ஐயா பழையதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று "பூரணம்" என்று அம்மாவின் பெயரை அடித்து, உங்கள் பாட்டுக்கு வந்து, பாதியில் பத்திரப்படுத்தச் சொன்னேன். அதற்கும் மணற்கடிகாரம்! அது வந்து நிற்க ஜெனரேற்றர் நின்றுவிட்டது. திரை கறுத்தது. ஐயா வெளியிலிருந்து ஓடிவந்து, "கொம்மா எங்கை பிள்ளை?" என்றார். அம்மாவைத் தேடுவதுபோலக் கல்வெட்டைத்தான் கேட்டார். அடித்ததெல்லாம் போய்விட்டது.

ஆகையால் அண்ணை, இந்த முறையை இனி ஒருவருக்கும் புகழாதேங்கோ. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்காத நாட்டில் அது கெட்டிக்காரனாக இருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கோ. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கோ. இவ்விடத்தில் இதை எழுதுவது அம்மா. இனி நான் எழுதுவேன். ஐயாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
தர்மினி

பி.கு.: மேலே திட்டியதையெல்லாம் வெட்டிவிடுங்கோ. இன்று திரும்ப அடித்துக் கல்வெட்டு முடிந்து, உங்கள் பாட்டோடு அச்சகத்துக்குப் போய்விட்டது. பின்னேரம் ஐயா திரும்பவும் போத்தலோடு வகுப்பு வாசலில் நின்றார்.

"எல்லாம் முடிஞ்சுதெல்லோ ஐயா," என்றேன்.

"தெரியும் பிள்ளை. கொம்மாவை இன்னொருக்காத் திறந்து காட்டு. மெல்லமாவே வரட்டும்."