பதினேழு குற்றாலிங்கங்கள்

நன்கொடை கொடுத்தவரை நிம்மதியாக இருக்க விடுவதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை. இந்தச் சின்ன விஷயம் இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாது. (எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று வேறு அப்போது நினைத்திருந்தேன்.)

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். சங்கரன்கோவிலில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏழைப் பெண்களுக்காக ஓர் இலவசப் பிரசவ விடுதி நடத்தினோம். நான் செயலாளர். கட்டடத்தைக் கட்டித் தந்தவர் சிவகிரிப் பருத்தி வியாபாரி குற்றாலிங்கம் அண்ணாச்சி. திறப்பு விழாவுக்கு வந்தார், மாலையை வாங்கிக்கொண்டார், பஸ் ஏறிப் போனார். அப்புறம் ஆளையே காணோம்.

கொடுத்தவருக்கும் விடுதிக்கும் ஒரு பந்தம் வேண்டாமா என்று கமிட்டியில் முக்கால் மணி நேரம் பேசினேன். அதற்கு வழியையும் நானே கண்டுபிடித்தேன். இங்கே பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணாச்சியின் பெயர். அப்படி வைக்கும் தாய்க்கு ஒரு சேலை, ஒரு படி நல்லெண்ணெய்.

நர்ஸம்மா மட்டும் மசியவில்லை. "பேரு கெடக்கட்டும் சார். வென்னி போட மூணு தெரு தாண்டித் தண்ணி சொமக்கோம். மொதல்ல ஒரு கெணத்துக்கு வழி பாருங்க."

"பந்தம் வந்தால் கிணறு தானாக வரும்" என்றேன்.

ஊருக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? எனக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. முறைப்படி என் அப்பா பெயரை வைக்க வேண்டும். "மாமா பேரை விட்டுட்டு யாரு பேரையோ வைக்கதா?" என்று என் மனைவி செல்லம்மா அழுதாள். கேட்டேனா? ஏழாவது குற்றாலிங்கம் என் வீட்டுத் தொட்டிலில் கிடந்தான். அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

நாலு வருஷம் கழித்து, கிணறு கேட்பதற்காக அண்ணாச்சியை அழைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியவரை வண்டியில் ஏற்றாமல் தெரு வழியே நடத்திக் கூட்டிப்போனேன். தம் பெயர் ஊரில் ஒலிப்பதை அவர் காதால் கேட்க வேண்டுமே. கேட்டார்.

"ஏலே குத்தாலிங்கம், சாணியத் தொட்ட கையையா வாயில வைக்க?"

அண்ணாச்சி நின்றுவிட்டார். முப்பது வருஷமாக அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அண்ணாச்சி, கடையில் முதலாளி, வீட்டம்மாளுக்கு 'இந்தாங்க'. அடுத்த வீட்டில் ஒருத்தி சுவருக்கு மேலே எட்டி, "நம்ம குத்தாலிங்கத்துக்கு நேத்துலேந்து வயித்தால போவுது மதினி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முக்குத் திரும்பினால், "துணியில்லாம எங்கலே ஓடுத, குத்தாலிங்கம்?" என்று விளக்குமாற்றோடு ஒரு தாய். ஓடிவந்தவன் அண்ணாச்சியின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"என்னவே இதெல்லாம்?"

"பந்தம், அண்ணாச்சி" என்றேன். (பெருமையாகத்தான் சொன்னேன்.)

தாய்மாரும் பிள்ளைகளுமாக எல்லோரும் பின்னாலேயே விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சியை நாற்காலியில் உட்கார்த்திக் கையில் சோடாவைக் கொடுத்துவிட்டுப் பேச எழுந்தேன். வாசலில் நர்ஸம்மா காலிக் குடத்தோடு நின்றார். கிணறு என்ற சொல் என் வாயில் வருவதற்குள் என் மகன் நாற்காலியில் தொற்றி ஏறி, சோடாவை அப்படியே அண்ணாச்சியின் மடியில் கவிழ்த்தான்.

என்னை மறந்தேன். "ஏலே குத்தாலிங்கம், அறிவுகெட்ட கழுத, எறங்குல. தோல உரிச்சுத் தொங்க விட்டுருவேன்."

தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பதினேழு குற்றாலிங்கங்களும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதன. பதினெட்டாமவர் அழவில்லை. எழுந்தார். கிணறு போச்சு என்று நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

வாசல் வரை போன அண்ணாச்சி குடத்தைப் பார்த்து நின்றார். "என்னம்மா, வெறுங்கொடம்?"

"தண்ணி மூணு தெரு தள்ளியில்லா இருக்கு, அண்ணாச்சி. உள்ள ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துட்டு."

ஈர வேட்டியைப் பிழிந்து உதறினார். "நாளைக்கே கெணறு வெட்ட ஆளு வரும். ஆனா ஒரு கண்டிசன்." என்னைக் கையால் காட்டினார். "இனிமே இங்கன பொறக்குத ஆம்பளப் பிள்ளைக்கெல்லாம் செக்ரட்டரி பேரை வையிங்க. சேலையும் எண்ணெயும் நான் தாரேன்."

கிணற்றில் நல்ல தண்ணீர் விழுந்தது. வருஷா வருஷம் சேலையும் தவறாமல் வந்தது. என் பெயர் வேலாயுதம். இன்றைக்கும் தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினால் என் கை தானாக மூக்கைத் துடைத்துக்கொள்கிறது.

எதிர்வீட்டிலும் ஒரு வேலாயுதம் பிறந்தான். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை வாயால் சொல்லாத செல்லம்மா, அவன் நடக்கத் தொடங்கியதும் எனக்குக் காப்பி கொடுத்த கையோடு வாசலில் போய் நின்றாள். "ஏலே வேலாயுதம், ஒனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? யாரு பேச்சையாவது கேக்கியா?" அந்தப் பிள்ளை தன் பாட்டுக்கு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. "எதுத்த வீட்டுப் பிள்ளையத்தான சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, வேலை கிடைத்து பம்பாய்க்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. செல்லம்மா இன்னும் வாசலில் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.