தென்றலுக்காக நான் போட்ட கையெழுத்து

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் தேவநாதன் அவர்களுக்கு,

விருத்தாசலத்திலிருந்து கொளஞ்சியப்பன் வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பின்னால் நின்று படித்த உங்கள் தங்கை, "அண்ணனுக்குமா பொய் எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். ஆகவே அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் நம் பொண்ணு தென்றல் காதில் விழுகிறது.

உங்கள் மருமகளுக்கு வேலை போகப்போகிறது, மச்சான். அவள் செய்த குற்றம், எழுந்து நின்றது. அவள் புள்ளியியல் பாடம் நடத்தும் அதே பல்கலைக்கழகத்தில் தங்கதுரை என்று ஒரு பேராசிரியர். இரண்டு வருடமாக நம்மூர் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் அறுபது பேரைப் பிடித்து, டாக்டரை வைத்துக் குழாயில் ஊதச் சொல்லி, அதில் இருபத்துமூன்று பேருக்குத் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டார். பல்கலைக்கழக நிர்வாகத்தில் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். "தப்புன்னா எந்த வரின்னு காட்டுங்க, திருத்திக்கிறேன்" என்றாராம். உடனே சஸ்பெண்ட். பிறகு ஆசிரியர்களையெல்லாம் கூட்டி, இதில் ஒப்புதல் இல்லாதவர்கள் எழுந்து நிற்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுப்பத்து பேர் இருந்த இடத்தில் இவள் மட்டும் நின்றிருக்கிறாள். இன்னொரு அம்மா பாதி எழுந்து, புடவையைச் சரிசெய்வதுபோல் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! நம் பிள்ளைக்கு அது வரவில்லை. "கணக்க நான் சரிபாத்தேன் சார், தப்பில்ல. பிடிக்காதத எழுதுனாருன்னு ஒருத்தர வெளிய அனுப்பிட்டா, நாளைக்கு நாங்க வகுப்புல எதத்தான் சொல்லித்தர்றது?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் மெமோ வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்றதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

பெற்ற மனம் கேட்குமா? இஸ்திரி போட்ட சட்டையில் அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறினேன். பல்கலைக்கழக வராந்தாவில் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பிறந்ததிலிருந்து டாக்டர் பட்டம் வாங்கியது வரை சொல்லி அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "பெரியவரே, நான் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்க வந்தவன். நானே மூணு மணிநேரமா ஒக்காந்திருக்கேன்" என்றார். அன்று எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பதிவாளர் ரொம்ப மரியாதையானவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒரு தாளை நீட்டி, "ஒங்க பொண்ணு விவரம் புரியாம நின்னுட்டாங்கன்னு இதுல இருக்குது. அப்பாவா ஒரு கையெழுத்து போடுங்க, பாத்துக்கலாம்" என்றார். கீழே இன்னொரு வரியும் இருந்தது. மேற்படி ஆய்வில் சொல்லப்பட்ட நோயாளிகள் கற்பனையே என்று. "இது எதுக்குங்க சார்?" என்றேன். "அது சும்மா, வழக்கமா போடுற வரி" என்றார்.

மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த அறுபது பேரில் நான் நாற்பத்தொன்றாவது ஆள். முப்பத்தோரு வருடம் சூளையடியில் நின்றவன். ஊதியதில் நுரையீரல் கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அப்படிப்பட்ட நான், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நான் கற்பனைதான் என்று கையெழுத்துப் போட்டேன். போடும்போதே இருமல் வந்துவிட்டது. பதிவாளர் அன்பாகத் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அதை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டார்கள். தென்றல் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்பா, எனக்கு முப்பத்தஞ்சு வயசு. நான் புரியாமதான் நின்னேன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள். "ஒனக்காகத்தாம்மா போட்டேன்" என்றேன். "தங்கதுரை சார் ஒங்க நெஞ்சுக்காகத்தாம்பா எழுதுனாரு" என்றாள். அதோடு சரி. நான்கு நாளாகச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. விஷயம் தெருவுக்கும் போய்விட்டது. எதிர் வீட்டுப் பாஞ்சாலை, பீங்கான் அச்சு வேலை பார்த்தவள், அவளும் ஊதியவள்தான். வாசலில் வந்து நின்று, "ஏண்ணே, நான் கற்பனயா? அப்ப தெனமும் முழுங்குற மாத்திர?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். உங்கள் பேச்சுக்கு அவள் மதிப்பு கொடுப்பாள். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். படித்தவர்கள் சண்டையில் நமக்கென்ன வேலை? தங்கதுரை எப்படியும் பிழைத்துக்கொள்வார். நம் பிள்ளைக்கு வேறு இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர பூவராகசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
கொளஞ்சியப்பன்

பி.கு.: இந்தக் கடிதத்தை நேற்றே போட்டிருக்க வேண்டும். பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனவன், எப்படியோ பஸ் ஏறிவிட்டேன். தங்கதுரைக்கு நேற்று விசாரணை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "யாருய்யா நீ?" என்றார்கள். "அந்தக் கட்டுரையில வர்ற ஆளுங்க. குழாயக் கொண்டாங்க, ஊதிக் காட்டுறேன்" என்றேன். விசாரணையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். சாயங்காலமே தென்றலுக்கும் சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அவளுக்குப் புத்தி சொல்ல அல்ல. திங்கள் காலையில் பாஞ்சாலையும் சேர்ந்து பதினேழு பேர் விசாரணைக்குக் கிளம்புகிறோம். யாருக்கும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏற மூச்சு கிடையாது. முன்னால் ஏறி இடம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.