ஆளுக்கு அஞ்சரைக் குடும்பம்

ஈரான் நாட்டின் முந்நூறு கிராமங்களைப் பற்றி எழுதியவன் நான். அதில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மேற்கே செங்கோட்டையைத் தாண்டியதே வாழ்க்கையில் இரண்டு முறைதான் (அதில் ஒருமுறை பஸ்ஸில் தூங்கிப்போனதால்).

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் யார் வேண்டுமானாலும் தமிழில் எழுதலாம் என்று தெரிந்த நாளில் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. நாலே வரி. ‘இது ஈரானில் உள்ள ஒரு சிற்றூர். இங்கு பாரசீக மொழி பேசுகிறார்கள். மக்கள்தொகை இவ்வளவு. குடும்பங்கள் இவ்வளவு.’ ஊர்ப் பெயரையும் எண்களையும் மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். தென்காசியில் வேலை முடிந்து பஸ் ஏறினால், ஆய்க்குடியில் இறங்குவதற்குள் மூன்று ஊர்களை உலகுக்கு அறிமுகப்படுத்திவிடுவேன். உலகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கண்டுகொண்டவர் ஒரே ஒருவர். மேலகரத்தில் நான் பெண் பார்க்கப் போன வீட்டில், கோமதியின் அப்பா. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்.

அதற்கு முன் பார்த்த நான்கு இடங்களும் தட்டிப்போயிருந்தன. கோமதியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து இது மட்டும் அமைந்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். குற்றாலச் சாரலில் நனைந்த தலையுடன் கேசரித் தட்டை வாங்கிய நேரத்தில், அம்மா ஆரம்பித்தாள்.

“எம்மவனைச் சாதாரணமா நெனச்சிராதீய அண்ணாச்சி. முந்நூறு கட்டுரை எழுதிருக்கான். பூராவும் வெளிநாட்டைப் பத்தி!”

“அப்படியா? காட்டுங்க தம்பி, பாப்போம்.”

கேசரியைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக எழுதியதைப் பெருமையோடு போனில் திறந்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீடே கேட்கும்படி வாசித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“மக்கள்தொகை அறுவத்தியொண்ணு. குடும்பம் முந்நூத்தி நாப்பது. அப்படியா தம்பி?”

“ஆமா சார்” என்றேன். (கேள்வி காதோடு நின்றுவிட்டது. மூளை வரை போகவில்லை.)

“அப்பம் ஆளுக்கு அஞ்சரைக் குடும்பம்லா வருது?”

கோமதியின் சித்தி பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அம்மாவோ நிலைமையைச் சரிசெய்ய இறங்கினாள்.

“அது அந்த ஊரு வழக்கமா இருக்கும் அண்ணாச்சி. எம்மவனுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது!”

இதற்கு மேல் கெடுவதற்கு எதுவும் இல்லை என்று ஆனபிறகுதான் எனக்கு உண்மை பேசும் தைரியம் வந்தது.

“ரெண்டு நம்பரையும் மாத்திப் போட்டுட்டேன் சார். பஸ்ல நின்னுக்கிட்டே எழுதுனது. அந்த ஊரப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

உள் வாசலிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கோமதிதான். அதை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். வெட்கத்தையும் மீறி மனசுக்குச் சுகமாக இருந்தது.

அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். “நானும் வெயிலுக்குப் பயந்துக்கிட்டு, வயலுக்குப் போவாம வீட்டுல இருந்தே அடங்கல் எழுதுன ஆளுதான்” என்றார். (அடங்கல் என்பது எந்த வயலில் என்ன பயிர் என்று பதியும் பதிவேடு.) “ஆனா கூட்டிப் பாக்காம ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்ல. இங்கன இருந்தே திருத்துங்க.”

திருத்தினேன். முந்நூற்று நாற்பது பேர், அறுபத்தியொரு குடும்பம். மனதுக்குள் வகுத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே குரல் கொடுத்தார்: “ஏட்டி கோமதி, காப்பி கொண்டா.”

இப்போதும் நான் எழுதுகிறேன். கோமதி சரிபார்க்காமல் ஒரு கிராமமும் வெளியே போவதில்லை. போன வருடம் தென்காசி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். வராந்தாவில் நின்றபடி மாமனார் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“மக்கள்தொகை மூணு ஆயிட்டு. குடும்பம் ஒண்ணுதான். மருமவன் போன் பண்ணி மாத்திச் சொன்னா நம்பிராதீய!”